ஹாலில் உட்கார்ந்திருக்கும் பூதம்

அலுவலகத்தில் அவனுக்குக் குழாய் என்று பெயர். மற்றவர்கள் முகப்பு, மாடி, படிக்கட்டு என்று கட்டடத்தின் அழகான பாகங்களை வரைந்துகொண்டிருக்க, பதினோரு வருடமாக அவன் தலையில் கட்டியது தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்று அக்கா சொல்வாள். அவனுக்கு இன்னொரு வாய் இருந்தது, பாவம், அக்காவுக்குத் தெரியாது.

அந்த வாய் கம்ப்யூட்டரில் இருந்தது. நாலைந்து பேர் ஆளுக்கொரு ஊரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் வாள்வீரனாகவும் மந்திரவாதியாகவும் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அதற்குக் கோட்டை, குகை, சுரங்கம் என்று மேப் வரைவான். வரைந்ததை யார் கேட்டாலும் சும்மாவே அனுப்பிவிடுவான். பழகின கை அல்லவா, அவனுடைய கோட்டைகளில் மட்டும்தான் தண்ணீர் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். முகம் தெரியாதவர்கள் ‘மேப் மன்னா’ என்று கூப்பிட்டார்கள். மன்னருக்கு அதில் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு மேப்புக்கும் இரண்டு பிரதி. ஒன்று மற்றவர்களுக்கு, வெறும் படம். இன்னொன்று அவனுக்கு. அதில் ஆட்டத்தை நடத்துகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் குறிப்புகள் இருக்கும்: எந்த அறையில் எந்தப் பூதம், அது என்ன செய்யும், எத்தனை அடி தாங்கும். பூதத்துக்காக அவன் எங்கேயும் அலையவில்லை, தெரிந்தவர்களையே போட்டான். மேனேஜர் சேற்றுத் தவளையானார். பக்கத்து மேஜைக்காரி இரண்டு தலைப் பாம்பானாள். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததை எல்லாம் அங்கே எழுதித் தீர்த்துக்கொண்டான். கோழைகளுக்கு இப்படியொரு சுகம் உண்டு.

இரண்டு வருடமாகக் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியில். அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். தொழிற்சாலையில் இரும்புத் தகடு விழுந்து கால் நசுங்கியதிலிருந்து அத்தான் வீட்டோடு இருந்தார். மாடிக்குப் போக ஹாலைத் தாண்டவேண்டும். ஹாலில் அத்தான் இருப்பார். ஏன் லேட்டு, பஸ் கிடைக்கலையா, வெளியே மழையா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாள் முழுக்கப் பேச ஆளில்லாத மனுஷன் வேறு என்னதான் செய்வார்? ஒருநாள் எரிச்சலில் இவன் அந்த வீட்டையே பாழடைந்த மாளிகையாக வரைந்து, ஹாலில் ஒரு பூதத்தையும் உட்காரவைத்தான்.

போன சனிக்கிழமை அத்தான் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார்.

“மாப்ளே, எங்க பழைய செட்டு ஆளுங்க எல்லாம் நாளைக்கு மத்தியானம் ஆன்லைன்ல சேர்றோம். நீ ஆடுவியே அந்த ஆட்டம், நானே நடத்துறேன்னு வாய விட்டுட்டேன். ஒரு மேப் குடுப்பா. நாலு ரூம் இருந்தா போதும்.”

இரண்டு வருடத்தில் அவர் இவனிடம் கேட்ட முதல் உதவி அது. இவன் வேறொரு கோட்டையில் மும்முரமாக இருந்தான். ஆளை அனுப்பினால் போதும் என்று, சின்னதாக எது கண்ணில் பட்டதோ அதைத் தட்டிவிட்டான்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டு மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோதுதான் அனுப்பியது எது என்று பார்த்தான். பாழடைந்த மாளிகை. அதுவும் குறிப்புகளோடு இருந்த பிரதி.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். பாதிப் படியிலேயே அத்தானின் குரல் கேட்டது. புது ஆள், குறிப்பு தன் கண்ணுக்கு மட்டும்தான் என்று தெரியாமல், திரையில் தெரிந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஹாலில்... உட்கார்ந்திருக்கும் பூதம். காலை இழுத்து நடக்கும். வேலை வெட்டி கிடையாது. பெண்டாட்டி... சம்பாத்தியத்தில் தின்னும். தொணதொணவென்று கேள்வி கேட்கும். பதில் சொல்லாமல் தாண்டிப் போனால்... போதும்.”

தொழிற்சாலையில் அத்தானோடு கிரேன் ஓட்டினவர் திரைக்குள்ளிருந்து சிரித்தார். “அண்ணே, என்ன இது, உங்களையே பாத்து எழுதுன மாதிரி இருக்கு!”

மற்றவர்களும் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து அத்தானும் சிரித்தார். பிறகு பகடை உருண்டது, வாள் வீசினார்கள். இவன் படியில் நின்றபடியே நின்றான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவர்களைப் பற்றிக் கதைகளில் படித்து ஏசியிருக்கிறான். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே மாடிக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். அதற்கும் துணிச்சல் வரவில்லை.

ஆட்டம் முடிந்து அத்தான் கம்ப்யூட்டரை மூடினார். திரும்பாமலே, “அங்கயே நிக்காத, வா,” என்றார்.

வந்தான். “அத்தான், அது வந்து... சும்மா விளையாட்டுக்கு...”

“மேப் நல்லா இருந்துச்சு. நம்ம வீடுதானேன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு.” மூடின கம்ப்யூட்டரின் மேல் தூசி இருப்பதுபோல் கையால் துடைத்தார். “பூதத்துக்குத்தான் உயிர் ரொம்பக் கம்மியா போட்டுட்ட. ரெண்டே அடி.”

“மன்னிச்சிருங்க அத்தான். நான் பண்ணது பெரிய தப்பு.”

“சரி, விடு.” சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காலை இழுக்காமல் நடக்கப் பார்க்கிறார் என்பது இவனுக்குப் புரிந்தது. நாலு எட்டு அப்படி நடந்துவிட்டு நின்றார்.

“உங்கக்காகிட்ட மட்டும் இத சொல்லிடாத.”

“சத்தியமா சொல்லமாட்டேன். தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா.”

“அதுக்கில்லடா,” என்றார் அத்தான். “அவளும் கேட்டுட்டு சிரிச்சிட்டான்னா?”