வராத பஸ்ஸுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அந்த யோசனை எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டர் வாசலில் வந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, ஒரு கன்னம் மட்டும் பணக்காரக் கன்னமாக இருந்தது. கதவில் ஒரு பலகை: ‘காலணிகளை வெளியே விட்டமைக்கு நன்றி.’ நாங்கள் இன்னும் விடவே இல்லை. ஆனால் அதைப் படித்ததும் அப்பா, யாரோ பார்த்துவிட்ட மாதிரி சட்டென்று செருப்பைக் கழற்றினார். உள்ளே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ‘செருப்போடு வராதே’ என்று எழுதியிருந்தால் நாலு பேராவது வீம்புக்கு மிதித்துக்கொண்டு வந்திருப்பார்கள். நன்றியை முதலிலேயே சொல்லிவிட்டால் மனுசனால் அதை மீற முடியாது! உலகத்திலேயே இதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு பஸ்.

மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பத்தாவது வரைதான் பள்ளிக்கூடம். அக்கா பத்தாவது பரீட்சை எழுதியிருந்தாள். பதினொன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்க வேண்டும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். எங்கள் ஊருக்குள் காலையில் வரும் ஒரே டவுன் பஸ் பத்து மணிக்கு வரும். அதில் போனால் இரண்டு பாடம் முடிந்திருக்கும். மெயின் ரோட்டுக்கு நடக்கலாம் என்றால், வழி முழுக்கத் தென்னந்தோப்பு. காலையில் ஈ காக்கை இருக்காது. “எட்டு மணிக்கு ஒரு பஸ் வந்தா படிக்கப் போ. வரலைன்னா அம்புட்டுதான்” என்று அப்பா சொல்லிவிட்டார். அதைப் பெரிய சலுகை கொடுப்பது போலத்தான் சொன்னார். அக்காவும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கட்சியில் கிளைச் செயலாளர். மெல்லிய வெள்ளைச் சட்டைப் பையில் எம்.எல்.ஏ. படத்தை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். சட்டசபைக் கூட்டம் முடிந்ததும் எம்.எல்.ஏ. எங்கள் ஊருக்கு வருகிறார், பட்ஜெட் விவாதத்தில் தொகுதிக்கு என்னென்ன கேட்டார் என்று மக்களிடமே சொல்லப் போகிறார் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அன்று சாயங்காலமே அக்கா மனு எழுத உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரைப் பக்கம். எட்டு மணி பஸ் ஏன் வேண்டும், யார் யாருக்கு வேண்டும் என்று வரிசையாக. தெரு முழுக்க நடந்து கையெழுத்தும் ரேகையும் வாங்கிவந்து மாமாவிடம் கொடுத்தாள்.

அப்போதுதான் நான் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

மாமா தொடையில் ஓங்கித் தட்டினார். “ஏட்டி, நீ எங்க கட்சி ஆபீஸ்ல பொறந்திருக்க வேண்டியவ! ஊருக்கு ஊரு ஆயிரம் பேரு மனுவோட நிக்கான். நன்றின்னு எவன் போறான்? மேடையில வச்சு நன்றி சொல்லிப்புட்டம்னா பொறவு அவிய எப்படி இல்லைம்பாவ?”

“பஸ் வந்த பொறவு நன்றி சொல்லுவோம் மாமா. இப்போ மனுவக் குடுங்க” என்றாள் அக்கா.

“நன்றியும் சொல்லி மனுவும் நீட்டுனா அது என்னட்டி நன்றி? காரியம் கெட்டுப்போவும்.”

மனு நாலாக மடிந்து, படத்துக்குப் பின்னால் அவர் பைக்குள் போனது. மூன்றாம் நாள் சமுதாயக்கூடத்து வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது: ‘எட்டு மணி பஸ் தந்த எங்கள் விடிவெள்ளியே, வருக!’ எம்.எல்.ஏ. ஆளுயரத்துக்கு, மாமா முழங்கால் உயரத்துக்கு. மேடையில் படிக்க வேண்டிய நன்றிக் கடிதத்தை நான் எழுதினேன். எழுத்துப்பிழை பார்க்க அக்காவிடம் கொடுத்தேன். பிழையை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

எம்.எல்.ஏ. இரண்டு மணி நேரம் பிந்தி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போயிருந்தார், கர்ச்சீப்பால் பிடரியைத் துடைத்துக்கொண்டே ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். கண்மாய் மராமத்துக்குக் கேட்டிருக்கிறேன், நூலகத்துக்குப் புத்தகம் கேட்டிருக்கிறேன், சத்துணவுக் கூடத்துக்குக் கூரை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ‘கேட்டிருக்கிறேன்’ முடிவிலும் மாமா கையைத் தூக்கி ஆட்டுவார், கூட்டம் கைதட்டும். “பஸ் விசயமா மந்திரிகிட்ட நேர்லயே பேசிட்டேன். பரிசீலனையில இருக்கு.”

அப்பா மாமா பக்கம் சாய்ந்தார். “பரிசீலனைன்னா என்ன மாப்ள?”

“பாதித் தூரம் வந்துட்டுன்னு அர்த்தம், அத்தான்.”

“மீதிப் பாதிய நாம நடந்துக்கிட வேண்டியதுதான்” என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மாமா திரும்பி முறைத்ததும் சிரிப்பு கைதட்டலாக மாறிவிட்டது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தாழ்த்த முடியாததால் என்னை நாற்காலி மேல் ஏற்றினார்கள். எங்கள் ஊருக்கு எட்டு மணிக்குப் பஸ் விட்டமைக்கும், அதனால் என் அக்கா மேல்படிப்புப் படிக்கப் போவதற்கும் நன்றி என்று தொண்டை கிழியப் படித்தேன். எம்.எல்.ஏ. முகத்தில் ஒரு கணம் குழப்பம். பஸ் விட்டுவிட்டோமா என்று உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் மாமாவைப் பார்த்தார். மாமா கும்பிட்டார். அவ்வளவுதான், எம்.எல்.ஏ. முகம் மலர்ந்துவிட்டது. தன் தோளில் இருந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கடிதத்தை உதவியாளரிடம் கொடுத்து, “பத்திரமா வையி” என்றார். தூணருகே நின்ற அக்கா மட்டும் கைதட்டவில்லை. அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

ஜூன் வந்தது. பஸ் வரவில்லை. அட்மிஷன் முடிகிற வாரத்தில் அப்பா, மாமாவிடமிருந்து அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். மாறாதது இது: உதவியாளர் கோரிக்கைப் பட்டியலைப் புரட்டினார். எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே ‘நிறைவேறியது’ என்று இருந்தது. “இல்லைங்கய்யா, பஸ் வரலை” என்றார் அப்பா. உதவியாளர் உள்ளே போய், அச்சு மை வாசம் போகாத ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். தொகுதி மக்களுக்கு எம்.எல்.ஏ.வின் அறிக்கை. நடுப்பக்கத்தில் துண்டு போர்த்திய நான். கீழே என் கடிதம், முழுசாக.

“இது யாரு?”

“எம் மகதாங்கய்யா.”

“அப்போ ஒங்க மக மேடையேறிப் பொய் சொல்லிச்சுங்கீகளா?”

“எம் மக பொய் சொல்ல மாட்டா” என்றிருக்கிறார் அப்பா. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். இரண்டு மகள்களில் ஒருத்தியைத்தான் அந்த மேசை முன்னால் அவரால் காப்பாற்ற முடிந்தது. மனுவை நீட்டாமலே திரும்பிவிட்டார். புத்தகம் மட்டும் இரண்டு பிரதி கேட்டு வாங்கிவந்தார்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினேன். அக்கா என் கடிதத்தை ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை படித்தாள். “போட்டோ நல்லா விழுந்திருக்குட்டி” என்றாள்.

சில நாள் கழித்து, காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஹாரன் சத்தம். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நுரையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு வெள்ளை வேன். உள்ளே வரிசையாகப் பெண்கள். அக்கா டிபன் டப்பாவோடு வாசலில் நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டது எட்டு மணிக்கு. வந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவே! கேட்டது ஊருக்கு ஒரு பஸ்; வந்ததோ எங்கள் தெருவுக்கே! டிரைவரிடம் ஓடிப்போய், “ரொம்ப நன்றிண்ணே” என்றேன்.

“எனக்கு எதுக்கு நன்றி? ஒங்க அக்காவ வெரசா ஏறச் சொல்லு. யூனிட்டுல நேரத்துக்கு எறக்கணும்.”

இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிக்கு பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு யூனிட்டின் வேன் அது. மாமாதான் பேசி முடித்திருந்தார். அவருக்கு யாரிடமும் மனு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வேன் ஒரு நாள்கூடத் தவறியதில்லை, மழைக்கும் நின்றதில்லை. அக்காவுக்கு ஜன்னலோரச் சீட் கிடைத்தது. நான் கையை ஆட்டினேன். அவள் கண்ணாடியை இழுத்துச் சாத்தி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணில் வெயில் படுகிறது போல என்று நினைத்தேன். வெயில் மறுபக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா நெய்த துணியில்தான் நான் படித்தேன். காலேஜ் ஹாஸ்டலில் இருந்ததால் எனக்குப் பஸ் தேவைப்படவே இல்லை. இப்போது எம்.எல்.ஏ. வேறு ஆள். அவர் அறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. எட்டு மணி பஸ் இன்னும் வரவில்லை. யூனிட் வேன் மட்டும் இரண்டாகிவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே சமுதாயக்கூடத்தில் இந்த வருட பட்ஜெட் பற்றிச் சொல்ல எம்.எல்.ஏ. வருகிறார். நன்றியுரை சொல்ல ஆள் வேண்டுமாம். “நீதான் நல்லாப் பேசுவியேட்டி” என்றார் மாமா. சரி என்று சொல்லிவிட்டேன். எழுதியும் வைத்துவிட்டேன். நான்கே வாக்கியம். ஒன்பது வயதில் இந்த மேடையில் நான் சொன்ன நன்றி பொய். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்த ஊருக்கு எட்டு மணி பஸ் ஒரு நாளும் வந்ததில்லை. பட்டியலில் ‘நிறைவேறியது’ என்பதை அடியுங்கள்.

முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன். யூனிட்டில் லீவு கேட்டிருக்கிறாள். “ரெண்டாவது வாக்கியத்துலயே மைக்க அணைச்சிருவாக” என்றாள். அதனால் மைக் இல்லாமல், கூடத்துக் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, மொட்டைமாடியில் நின்று தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக்க வேண்டும்.