பங்குனி வெயிலுக்கு ஆறு ஜெபம்

சாந்தி மேரி பிரேம்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். முதலாவது ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது தொட்டதும் ஆடியது. மூன்றாவதில் மூலைப் பொருத்தே விட்டுப் போயிருந்தது. சலித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தப்பு அவளுடையதுதான். மர பிரேமைக் கழுவினால் கையோடு துடைத்து, நிழலில் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். சுவரில் சாய்த்தாலே வளைந்துகொள்ளும். வரதராசன்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாகத் துணிப்பைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரேம்களைத் தொட்டியில் ஊறப்போட்டவள், புருஷனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிவிட்டுக் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். கண் விழித்தபோது திங்கட்கிழமை. மரம் அதுபாட்டுக்குத் தண்ணீரைக் குடித்து உப்பிக் கிடந்தது.

தப்பித்தது ஒன்றே ஒன்று. யாரோ இடித்த வீட்டின் நிலைக்கால் தேக்கில் தா.பழூர் ஆசாரி செய்துகொடுத்த பிரேம். புதுமரம் ஆகாது, நாற்பது வருஷம் வெயிலும் மழையும் பார்த்த மரம்தான் வேண்டும் என்று புருஷன் சவரியார் ஊர் ஊராகத் தேடிப் பிடித்தது. ஒரு கட்டைக்கா இவ்வளவு அலைச்சல் என்று அன்றைக்கு அவரை ஏசியவள் இவள்தான். இன்றைக்கு அதுதான் நாலு மூலையும் பதிந்து உட்கார்ந்தது. அதில் இறுக்கிக் கட்டிய, மை இறங்கும் மெஷ் துணியை விரலால் சுண்டினாள். டண்ணென்றது.

"சரியாங்க?"

தகரக் கொட்டகை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த சவரியார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவரால் முடியும். பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. "வாய்ல ஊறுன வார்த்தையாப் பாத்து, பாதி சொல்லி நிறுத்துங்கம்மா. மீதிய அவரே எடுப்பாரு. அவசரப்பட்டு நீங்க முடிச்சுடாதீங்க" என்று தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு மாதம் சாந்தி மேரியும் சொல்லிச் சொல்லி நிறுத்திப் பார்த்தாள். நிறுத்திய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. உறுத்தி என்ன செய்ய, வேலை கிடக்கிறதே.

செபஸ்டின் வாத்தியார் மகளுக்கு ஞாயிறன்று கல்யாணம். முந்நூறு தாம்பூலப் பை. பிரேம் துணியில் பூசுகிற, வெயில் பட்டால் இறுகும் எமல்ஷன் டப்பாவில் ஒரு பூச்சுக்குத்தான் மிச்சம் இருந்தது. அரியலூர்க் கடையில் சனிக்கிழமைதான் சரக்கு வருமாம். அதற்கப்புறம் முந்நூறையும் அடித்துக் காயவைக்க நேரமிருக்காது. இந்த ஒரு பிரேம் கெட்டால் பை கிடையாது.

பூசியதைப் பீரோவுக்குள் இருட்டில் காயவைத்து எடுத்தாள். எழுத்து அச்சான பிளாஸ்டிக் ஷீட்டையும் அதன்மேல் கண்ணாடியையும் வைத்து, கறுப்புத் துணியால் மூடி முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். இனி வெயில் காட்ட வேண்டும். குறைந்தால் எழுத்து கரைந்து ஓடிவிடும். கூடினால் இறுகிப்போய், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மை இறங்க எழுத்து திறக்காது.

நேரக் கணக்கு அவர்களுடையதே. பங்குனி வெயிலுக்கு ஆறு 'அருள் நிறைந்த மரியே', கார்த்திகைக்குப் பதினாலு. சவரியார் முன்பாதி சொல்வார், இவள் பின்பாதி சொல்வாள். மேகம் வந்தால் அவர் இழுத்துச் சொல்வார். ஆறாவது ஆமென் என்றதும் "துணியப் போடு" என்பார். கறுப்புத் துணி விழுந்தால் ஜெபம் முடிந்தது. இந்த எட்டு மாதமாக இரண்டு பாதியையும் இவளே மூச்சு வாங்க ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். மாதாவுக்கு அது ஜெபமாகப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

துணியை உருவினாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் கண்ணாடியை அழுத்திப் பிடித்தாள். முதல் ஜெபம், இரண்டாவது ஜெபம். தலை கிறுகிறுத்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆமென் சொல்லி, அடுத்ததைத் தொடங்க மூச்சில்லாமல் ஒரு நொடி நின்றாள்.

"அ... ருள்..."

அவள் திரும்பினாள். சவரியாரின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"நி... றை... ந்த..."

ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அசையவில்லை. வெயில் பிரேமில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பாதியை இவள் எடுத்து முடித்துவிட்டால் பிரேம் பிழைக்கும். துணியைப் போட்டாலும் பிழைக்கும். ஆனால் துணி விழுந்தால் அவர் நிறுத்திவிடுவார். பழக்கம் அப்படி. நிறுத்தினால் மறுபடி எப்போது தொடங்குவார் என்று யாருக்குத் தெரியும்?

அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவருக்கு நாக்கு மடங்கியது, எச்சில் வழிந்தது. அவர் பாதி முடிவதற்குள் வழக்கமாக நாலு ஜெபம் சொல்லிவிடலாம்.

"தூய மரியே" என்று பின்பாதியை இவள் தொடங்கினாள். அவர் வேகத்துக்கே மெதுவாகச் சொன்னாள். நாலாவது. ஐந்தாவது. கண்ணாடி சுட்டது. பிரேம் இறுகி எப்போதோ கெட்டுப்போயிருக்கும். செபஸ்டின் சாருக்கு என்ன பதில் சொல்வது? முந்நூறு வெறும் பைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? யோசிக்க யோசிக்க அழுகைதான் வந்தது. ஆனாலும் அவள் ஒரு வார்த்தையைக்கூட முந்திச் சொல்லவில்லை.

ஆறாவது ஆமெனை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். சவரியார் இடது கையைத் தூக்கி பிரேமைக் காட்டினார். அவசரப்பட்டார்.

"துணி... ய... போடு."

அது ஜெபத்தில் இல்லாத வார்த்தை. எட்டு மாதத்தில் அவராக அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"இதோ போட்டுட்டேங்க" என்று சொல்லி, கெட்டுப்போன பிரேமின் மேல் கறுப்புத் துணியை விரித்து, நாலு மூலையும் வெயில் படாமல் இழுத்து மூடினாள்.