இரண்டு கேமராக்களும் என் தம்பியின் முகமும்

என் மகளின் காதுகுத்து ஆல்பத்தில் என் தம்பியின் முகம் இல்லை. மடி இருக்கிறது. கரை வேட்டி இருக்கிறது. வீறிட்டு அழும் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்திருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. கழுத்தோடு படம் முடிந்துவிடுகிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற சடங்கில் தாய்மாமன் மட்டும் இல்லாத ஆல்பம் அது.

படம் எடுத்தவர் என் நாத்தனாரின் கணவர். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி டயர் கடை வைத்திருக்கிறார். லாரிக்காரர்களோடு தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மாறி மாறிப் பேசுவார். பெங்களூரில் வாங்கிய ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா எப்போதும் அவர் இடுப்புப் பையில் இருக்கும். பட்டனை அழுத்தினால் லென்ஸ் முன்னால் நீண்டுகொண்டே போகும். முப்பது மடங்கு ஜூம் என்று பெருமையாகச் சொல்வார். நிலாவின் பள்ளங்களை எடுத்துக் காட்டுவார். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், "நான் இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?" என்று ஸ்டூடியோக்காரரை வேண்டாம் என்றுவிடுவார். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

நான் விருதுநகர்ப் பக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்கு வந்த இடத்தில் என் கணவரோடு பழகி, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளானேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. அதனால் காதுகுத்துக்கு என் பக்கத்திலிருந்து தம்பி ஒருவன்தான் வந்தான். சிவகாசியில் அச்சகத்தில் வேலை செய்கிறவன். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் குளித்துவிட்டு, தோடும் கொலுசும் வைத்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தளி போகும் வழியில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு வந்தான். அந்தத் தட்டைக் கீழே வைக்கவே அவனுக்கு மனமில்லை. அவ்வளவு பெருமை.

ஆல்பம் வந்த அன்று எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். திரும்பவும் புரட்டினேன். என் கணவரின் சித்தப்பா, பெரியப்பா, டயர் கடைக்கு வரும் நண்பர் எல்லோரும் இருந்தார்கள்.

"அண்ணா, என் தம்பி எதுலயும் இல்லையே?" என்றேன்.

அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கோயிலுக்குள்ள லைட் இல்லம்மா. உங்க தெக்கத்தி ஆளுங்க வேற நல்ல கறுப்பு. கேமரா தேடுது தேடுது, முகமே கெடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நாத்தனார் மட்டும், "சும்மா இருங்க" என்றார். அதுவும் சிரித்துக்கொண்டுதான்.

அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "மாமன் மடில பேத்தி இருக்குற படத்த அனுப்பு தாயி, பாக்கணும்." பிரிண்ட் இன்னும் வரவில்லை என்றேன். பிறகு நெட் சரியில்லை என்றேன். கடைசியில் அவளே புரிந்துகொண்டாள். "அவன எடுக்கலயோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அம்மா பேச்சை மாற்றிய அந்த இடம்தான் என்னை அறுத்தது. சிரித்தவர்களைக்கூட நான் மறந்திருப்பேன்.

எங்கள் பிரிவில் ஒரு சேலத்துக்காரர் இருந்தார். அவர் தன் பழைய கேமராவை விற்கப்போவதாகச் சொன்னார். அதுவும் கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராதான். ஜூம் மூன்று மடங்குதான். "இதுல நிலாவெல்லாம் வராதுங்க. ஆனா உள்ள இருக்கற சென்சார் பெருசு, லென்ஸும் நல்லா அகலமா தொறக்கும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் ஆள் முகம் சுத்தமா வரும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே வாங்கினேன்.

அதற்குள் என் தம்பிக்கு ஓசூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு வந்தது. வந்தவன் ஞாயிற்றுக்கிழமையும் தங்கினான். நாத்தனார் குடும்பத்தோடு சேர்ந்து கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். என் கையிலிருந்த கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த அண்ணன், "மூணு மடங்கா? இத வெச்சிட்டு என்னம்மா பண்ணுவ?" என்றார்.

சரி, பார்த்துவிடலாம் என்று அவருடையதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மதகுக்கு அந்தப் பக்கம், நுரை ஒதுங்கிய கரையில் ஒரு கொக்கு நின்றிருந்தது. என் கேமராவில் அது வெள்ளைப் புள்ளி. அவர் கேமராவில் அதன் மஞ்சள் அலகும் அலகில் துடித்த மீனும் தெரிந்தன. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வெயிலில், தூரத்தில் இருக்கிற எதற்கும் அவர் கேமராவே மேல். தூக்கிக்கொண்டு அலையவும் இரண்டும் ஒரே கனம்தான். அவருடையது பேட்டரி அதிக நேரம் நிற்கும். என்னுடையது மத்தியானத்துக்குள் சிவப்பு காட்டியது.

"பாத்தியா? இன்னிக்கு வெச்சுக்க. பழகிப் பாரு. நாளைக்குக் குடு" என்று தாராளமாகச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மழை. கரண்ட் போய்விட்டது. ஜன்னலோரம் தம்பி உட்கார்ந்து சூடான போண்டாவை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் மகள் அவன் மடியில். முதலில் என் கேமராவால் எடுத்தேன். சார்ஜ் தீரும் நிலையிலும் அருமையாக வந்தது. அவன் கன்னத்தின் கறுப்பில் ஜன்னல் வெளிச்சம் எண்ணெய் பூசினதுபோல் படிந்திருந்தது. மீசையில் ஒட்டியிருந்த மாவுத் துணுக்குகூடத் தெரிந்தது. பிறகு, அவர் கேமராவால் எடுத்தேன். அதே இடம், அதே இருட்டு, அதே முகம்.

அது இருட்டாக விழும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அப்படி விழுந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேமராவின் குறை என்று விட்டிருப்பேன்.

படம் வந்திருந்தது. புள்ளி புள்ளியாக, கொஞ்சம் மங்கலாக, என் படத்தின் அழகு இல்லாமல். ஆனால் முகம் இருந்தது. கண் இருந்தது. கூச்சப்பட்டுச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. எந்தப் பட்டனையும் நான் திருகவில்லை. தூக்கினேன், அழுத்தினேன், அவ்வளவுதான். அந்தக் கோயிலுக்குள் இதைவிட அதிக வெளிச்சம் இருந்தது. விளக்குகள் எரிந்தன. அவர் எடுத்திருக்கலாம். எடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

"என்னக்கா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்குற?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றேன்.

மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் "எப்படி?" என்று கேட்டார். "ரொம்ப நல்ல கேமராண்ணா. இருட்டுலகூட எடுக்குது" என்றேன். அவருக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை. நன்றாகச் சிரித்தார்.

எனக்கு உறைப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அடுத்த பல மாதங்கள் தினமும் கேமராவோடு பழகினேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, கேன்டீனில், பூக்கடையில், மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு பிரிக்கும் பெண்களை. எதைத் தெளிவாக வைப்பது, எதைக் கரைத்துவிடுவது என்பதுதான் அந்தக் கேமராவின் வித்தை என்று புரிந்தது. லென்ஸை அகலத் திறந்துவைத்து, ஜூமை முழுக்க நீட்டி, ஒருவர் முகத்துக்கு அருகில் போய் அவர் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், பின்னால் இருப்பவர் கரைந்துபோவார். ஆள் இருப்பார், ஆனால் யாரென்று சொல்ல முடியாது. அண்ணனுடைய ஜூம் கேமராவில் பக்கத்தில் இருக்கும் ஆட்களை எடுத்தால் முன்னால் நிற்கிறவர், பின்னால் நிற்கிறவர், சுவர்க் காலண்டர் எல்லாமே ஒரே மாதிரி விழும். இந்த வேலைக்கு என்னுடையதுதான் தோது. எனக்கு எதற்காக இதெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சந்தர்ப்பம் அவரே கொண்டுவந்தார். கடைக்குப் பின்னால் புது வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசம் வைத்தார்.

"ஹோமத்துல நானும் உங்க அண்ணியும் உக்காரணும். நீ எடுத்துடும்மா. என் கேமராவே தர்றேன்" என்றார்.

"என்னோடதே போதும்ணா" என்றேன்.

விடியற்காலை ஹோமம். கூடமெல்லாம் புகை. மணையில் அண்ணி இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், அரை அடி பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் அண்ணியின் பக்கமாகவே நின்றேன். நெய் ஊற்றும்போது, பூ போடும்போது, தாம்பூலம் வாங்கும்போது, ஒவ்வொன்றிலும் அண்ணியின் கண்ணில் ஃபோகஸ் கட்டம் விழும்வரை பொறுத்து அழுத்தினேன். அவருடைய பட்டு வேட்டியும் சந்தனமும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பின்னால் கரைந்தன. மற்றவர்களை எல்லாம் மனமார எடுத்தேன். சமையல்காரர்கள், பந்தியில் தண்ணீர் வைத்தவர்கள், கட்டடத் தொழிலாளிகள், ஒருவரையும் விடவில்லை.

பால் பொங்கிய நேரத்தில் ஒன்று நடந்தது. அவர் சட்டென்று என் ஃபோகஸுக்குள் குனிந்தார். பால் வழிவதைப் பார்த்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். புகையா, அழுகையா தெரியவில்லை. என் விரல் அழுத்திவிட்டது. திரையில் பார்த்தேன். அன்று எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். வாழ்நாளெல்லாம் டயரைப் புரட்டிய மனிதர் சொந்த அடுப்பைப் பார்க்கும் முகம். அந்த இடத்திலேயே நின்று அதை அழித்தேன். அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

ஆல்பத்தை ஓசூரில் நல்ல தாளில் போட்டுக்கொண்டு போனேன். புது வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா கன்னடக்காரர். அண்ணியின் படத்தைத் தொட்டு, "தும்பா சென்னாகிதே" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அண்ணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அத்தனை விசேஷங்களை எடுத்த மனிதருக்கு மனைவியாக இருந்தும், தன் முகம் இப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை.

அண்ணன் அமைதியாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அவர் கை மெதுவானது. கேமரா தெரிந்த மனிதர் அல்லவா.

"ஏம்மா, எனக்கு ஃபோகஸ் வுழவே இல்லையே. எதுலயும்."

"எல்லாத்துலயும் இருக்கீங்களேண்ணா."

"இருக்கறன். ஆனா தெரியலையே. உன் கேமராவுல ஏதோ தப்பு."

"கேமராவுல தப்பில்லண்ணா. உங்களோடது, என்னோடது ரெண்டுலயுமே தப்பில்ல. அணைக்குப் போன அன்னிக்கு, மழையில, கரண்ட் இல்லாதப்ப, உங்க கேமராவுலதான் என் தம்பிய எடுத்துப் பாத்தேன். முகம் நல்லாவே வுழுந்துது."

கூடத்தில் யாரோ எழுந்து மின்விசிறியைப் போட்டார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஆல்பத்தை மூடி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, கடையில் வண்டி வந்திருக்கும் என்று எழுந்து போனார். யாரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது பைக்கில் என் கணவர் கேட்டார். "வேணும்னேதான் பண்ணினியா?"

"ஆமா."

சூளகிரி தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. "கூடாதுதான்" என்றேன்.

அண்ணிக்கு அந்த ஆல்பத்தில் ஒரு படம் ரொம்பப் பிடித்துப்போனது. நெய் ஊற்றும் படம். அதைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து, சோபாவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். தோளுக்குப் பின்னால் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு தீற்றல். தினமும் சாப்பிட்டுவிட்டு அண்ணன் அதன் எதிரில்தான் டிவி பார்க்கிறார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் அந்த சோபாவில் ஒரு நிமிடமாவது உட்காருவேன். மனசு நிறைந்துவிடும்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "அவளக் கேளு", "அவகிட்ட சொல்லு" என்று அண்ணி வழியாகத்தான். போன வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கொண்டுபோய் முறைப்படி வைத்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன். விருதுநகர் வரைக்கும் வந்தார். இடுப்புப் பையில் வேறொரு கேமரா. சின்னது, ஜூம் குறைந்தது, என்னுடைய கேமராவின் அடுத்த மாடல். மண்டபத்துத் தூணோரம் நின்று, வெகுநேரம் பொறுத்து, மாலையோடு உட்கார்ந்திருந்த என் தம்பியை எடுத்தார். பிறகு என்னிடம் வந்து திரையைத் திருப்பிக் காட்டினார்.

கறுப்பு முகம். வியர்வை. கண் முழுக்கச் சிரிப்பு. ஒரு மயிரிழைகூடத் தப்பாத ஃபோகஸ்.

மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனேன். படத்தை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்கவில்லை.

தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கு இந்தக் கதை எல்லாம் தெரியாது. தெரிந்தாலும், "விடுக்கா, இதுக்குப் போயி" என்றுதான் சொல்வான். அம்மா வீட்டில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. தம்பி போனில் டிபியாக வைத்திருப்பதும் அதுதான். அவன் கூப்பிடும்போது என் திரையில் அவர் எடுத்த படம் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் என் போனில் மட்டும், அவன் எண்ணுக்கு நான் எடுத்த போண்டா படத்தை வைத்திருக்கிறேன்.