நான்கு விரல் வெளிச்சம்

டெல்லியிலிருந்து சென்னை வரும் விமானத்தில் எனக்கு நடு இருக்கை. அடைத்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். ஜன்னலோரம் இருந்தவரோ விமானம் மேலேறியதுமே ஜன்னல் மூடியை இறக்கிவிட்டார். மழித்த தலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மூடியின் மேல் வைத்த உள்ளங்கையை எடுக்கவே இல்லை.

"சார், கொஞ்சம் திறக்கலாமா?"

"வெளிய பார்த்தா ஈரக்குலை நடுங்கும் சார்."

"அப்ப சீட்டு மாத்திக்கலாமே?"

"மாத்தினா நீங்க திறந்துடுவீங்களே! அதுக்குத்தான் நான் எப்பவும் ஜன்னல் சீட்டே கேட்டு வாங்கறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியர்த்தும் கொட்டியது. அதைப் பார்த்தவர், விரல்களை வைத்து அளந்து, "நாலு விரல் திறக்கறேன், போதுமா?" என்றார். அந்தக் கீற்றில்தான் சென்னை வரை மூச்சு விட்டேன்.

இறங்கும் நேரத்தில் பணிப்பெண் முழுதாகத் திறக்கச் சொன்னாள். திறந்தவர், கண்களை இறுக மூடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லாவரம் மலை வந்துச்சா சார்? அதுக்குக் கீழதான் எங்க வீடு. தினம் எங்க மொட்டைமாடி மேலயே விழற மாதிரிதான் பிளேன் வரும்."

"மலை தெரியுது சார், வந்துட்டோம்" என்றேன்.

நான் ஏங்கிக் கிடந்த ஜன்னல் விரியத் திறந்திருந்தது. நானோ அந்த மூடிய கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.