எஞ்சினைப் பார்த்து இறங்கு

ஓடுகிற ரயிலிலிருந்து விழாமல் இறங்குவதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. திண்டிவனத்தில் நான் பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார். யாரை வழியனுப்பப் போனாலும் பெட்டிக்குள் ஏறி, மூட்டையைப் பலகைக்கடியில் தள்ளி, வண்டி நகர்ந்த பிறகு இறங்குவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. முன்னாலேயே இறங்கிவிட்டால் பாசம் போதவில்லை என்று பேச்சு வரும். நான் இறங்கி, வண்டி போகும் பக்கமாகவே நாலு எட்டு ஓடி, வேட்டி மடிப்பு கலையாமல் நிற்பேன். பிளாட்பாரத்தில் என் மனைவி சிரிப்பாள்.

"பேசாம சர்க்கஸ்ல சேந்துடுங்க. வாத்தியார் வேலைக்கு இது தேவலாம்."

ஒருநாள் தங்கையை அனுப்ப ஏறிய அவள், இறங்கப் பயந்து அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய், மாட்டு வண்டி பிடித்துத் திரும்பி வந்தாள். அன்றே தனக்கும் கற்றுத்தரச் சொன்னாள்.

"எஞ்சின் இருக்கிற பக்கம் பாத்துக்கினு எறங்கு. எதிர்ப்பக்கம் பாத்தா மல்லாக்க விழுவே" என்றேன்.

"ஏங்க விழணும்? வண்டிதானே ஓடுது, நானா ஓடறேன்?"

என் வகுப்பில் ஒருவனும் அப்படிக் கேட்டதில்லை. வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பவளும் வண்டியின் வேகத்தில்தான் போகிறாள். தரையைத் தொட்ட கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. அதனால் வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொஞ்சம் ஓடி அந்த வேகத்தைத் தணிக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு டம்ளர் காபி ஆறும் நேரம்கூட ஆகாது. ஆனால் எனக்கு அதெல்லாம் இங்கிலீஷில்தான் வரும், தமிழில் யோசிக்கச் சோம்பல். அதைவிட, இவளுக்கு எதற்கு இது என்ற திமிர்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? எஞ்சினைப் பாரு, அவ்ளோதான்."

சரி என்றாள். அதற்கப்புறம் நாலைந்து தடவை அப்படியே இறங்கியும் காட்டினாள். அவள் கண்ட ரயிலுக்கெல்லாம் எஞ்சின் முன்னால் இருந்து இழுத்தது, அதனால் என் சொல் பலித்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நாளில், திருவாமாத்தூரில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். விழுப்புரத்தில் இறங்கி டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"சோத்துத் தூக்கை விட்டுட்டேங்க" என்று மறுபடியும் ஏறினாள்.

அது ஜங்ஷன். பெட்டிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நாள் முழுக்க நடக்கும். எங்கள் பெட்டியை வேறு லைனில் விடுவதற்காக, முன்னால் நின்ற எஞ்சின் அதைப் பின்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது.

அவள் தூக்கோடு வாசலுக்கு வந்தாள். முகத்தில் பயமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். தலையை நீட்டி எஞ்சின் எங்கே என்று தேடி, அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். வண்டியோ எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. திரும்பு என்று கத்துவதற்குள் காலைக் கீழே வைத்துவிட்டாள்.

மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை கல்லில் மோதியது. தூக்கிலிருந்த மோர்ச்சோறு அவள் புடவையெல்லாம் கொட்டியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள், கண் திறக்கவில்லை.

ஓடும் வண்டியிலிருந்து இறங்குகிறவன் ஏன் விழுகிறான் என்ற அந்தப் பாடம் அதற்கப்புறமும் வகுப்பில் வருஷா வருஷம் வந்தது. நானும் நடத்தினேன். வெட்கம் கெட்டவன் நான்.

அவள் அம்மா மருமகனோடு நேரில் பேசும் பழக்கம் இல்லாதவர். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது, கதவுக்குப் பின்னால் நின்றபடி முதல்முறையாகப் பேசினார்.

"இவ்ளோ படிச்ச நீங்க சொல்லிக் குடுத்தும் எம்பொண்ணு கேக்கலியே மாப்ளே. உங்களையும் தனியா வுட்டுட்டுப் பூட்டாளே. அவள மன்னிச்சிடுங்க."

உங்கள் பெண் கேட்டாள், அம்மா. நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் கேட்டாள். அதைச் சொல்லாமல், மன்னித்துவிட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.