மூணு பக்கம் கடல், ஒரு பக்கம் ரோடு

ராமநாதபுரத்துல பஸ் ஏறுனப்ப பக்கத்துல உக்காந்தவருக்கு முப்பது வயசு இருக்கும். பல்கேரியாவுல ஒரு சின்ன ஊரு, அங்க ஹோட்டல் சமையல்கட்டுல வேலையாம். பல்கேரியா துபாய்க்குப் பக்கமான்னு கேட்டேன். நம்ம அறிவு அவ்வளவுதான்.

திருப்பாலைக்குடியில இருக்குற சம்சாரத்தக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. அந்தம்மா இன்னும் சரின்னு சொல்லல. அதனால சொல்ல வேண்டியத என்கிட்ட ஒத்திகை பாத்தாரு. எதையும் நம்ம ஊர வச்சுத்தான் சொல்லுவாரு.

“மூணு பக்கம் கடல், ஒரு பக்கம் ரோடு. தனுஷ்கோடி கணக்கா நீட்டிக்கிட்டிருக்கும்ணே.”

“தனுஷ்கோடின்னா பயந்துருவாங்க தம்பி.”

“சரி, மண்டபம் கணக்கா. கிரேக்கக்காரன் காலத்துலேருந்து உப்பளம் இருக்கு. திராட்சைத் தோட்டம் இருக்கு. கோடையில ஊரு பூரா டூரிஸ்ட். பனிக்காலத்துல எல்லாம் அடங்கிரும்.”

“அடங்குன ஊர்ல எனக்கு யாரு இருக்கா?” அவரு சம்சாரமாவே மாறிக் கேட்டேன்.

மெதுவா, “நான் இருக்கேன்லண்ணே” ன்னாரு.

“இதையே சொல்லுங்க. அங்கன போயி அண்ணேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனாரு. அந்தம்மா கெளம்புனாங்களான்னு தெரியல. நான் இருக்கேன்னு சொல்லி எங்க வீட்டம்மாவப் பரமக்குடிக்குக்கூட என்னால கெளப்ப முடிஞ்சதில்ல.