காவிரி மணலில் இன்னொரு ஓட்டம்

அறுபதுகளின் தொடக்கம், ஒரு மாசி மாதம். திருச்சியில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு மைல் ஓட்டப் பந்தயம். முதலில் வருகிறவன் மாநிலப் போட்டிக்கு மதராஸுக்குப் போவான். நான்தான் போகவேண்டும் என்று கல்லூரியே என் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

விடுதி நண்பன் ஒரு மாத்திரையை நீட்டினான். பரீட்சை நேரத்தில் தூங்காமல் படிக்கப் பையன்கள் விழுங்குவது. "போடுறா மாப்ளே, காலு தானா ஓடும். தப்புன்னு எந்த ரூல்லயும் இல்ல."

விழுங்கினேன்.

ஓடினேன் என்று சொல்லமாட்டேன். வேறு யாரோ என் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலி இல்லை, களைப்பு இல்லை, சுண்ணாம்புக் கோடு மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பாய்ந்தது. நூல் என் மார்பில் அறுந்தது.

இரண்டாவதாக வந்தவன் மருங்காபுரிப் பக்கத்து விவசாயி மகன். வெறுங்கால். நேரே வந்து குனிந்து என் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தான். "மனுசன் ஓடுற ஓட்டமாங்க அது! நான் இத்தோட விட்டுடறேங்க. நமக்கு ஏர்தான் சரி."

கண்ணில் பொறாமை துளி இல்லை. அதுதான் சுட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், பெட்டியும் கையுமாக நின்றவனைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன்.

"அப்ப நான் தோக்கலையா?"

"தெரியலை."

"தெரிஞ்சுக்கிட்டுப் போறேங்க. காலையில வாங்க."

விடிந்ததும் ஸ்ரீரங்கத்துப் பாலத்துக்குக் கீழே, வற்றிக் கிடந்த காவிரி மணலில் நாங்கள் இருவர் மட்டும். தூரத்து நாணல் புதர்வரை போய்த் திரும்பவேண்டும். மணல் என் கால்களை இழுத்தது, அவனை விட்டுவிட்டது. பாதியில் நின்றேன். அசதி கொஞ்சம், மீதி, அவனைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. சூரியனுக்கு எதிரே ஒரு கறுத்த உடம்பு, தன் மூச்சைத் தவிர வேறெதையும் நம்பாமல், மணலைத் தொட்டும் தொடாமலும்... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

திரும்பி வந்தவன் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "என்னங்க, பாதியிலயே நின்னுட்டீங்க?"

பந்தயத்தில் வாங்கிய கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். "பைத்தியமாடா உனக்கு? யார் கேட்டா?" என்று விளையாட்டு மாஸ்டர் கத்தினார். மதராஸுக்கு அவன் போனான். நாலாவதாக வந்தேன் என்று குதூகலமாகக் கார்டு எழுதியிருந்தான்.

எதையாவது விழுங்கியாவது, யாரையாவது தள்ளியாவது முந்திவிடலாம் என்று மனசு பரபரக்கும்போதெல்லாம், தோற்றுப்போய் வாய் பிளந்து நின்ற அந்த நிமிஷம்தான் நான் என் சொந்தக் காலில் நின்ற முதல் நிமிஷம் என்று இன்றும் தோன்றுகிறது.